பல்லவி யாருடையது?

கிட்டாரும் டிரம்சும் நுழைந்ததால் திருச்சபையில் பக்தி கெட்டது என்போரின் வாதம் வரலாற்றின் முன் நில்லாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்னும் ஆடல்பாடல் வடிவத்தையே எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார். ஆகவே, நிகழ்த்துதலைக் குற்றமெனக் கொள்ள இயலாது. சபையாரின் வாயை அடைப்பதே குற்றம்.

கீர்த்தனையில் சரணத்தை ஒருவர் பாடினும் பல்லவி அனைவரிடமும் திரும்பிவரும். எழுத்தறியாதாரும் அதனை நெஞ்சில் ஏற்றிக்கொள்வர். அரசு அலுவல் பெரிதும் மலையாளத்தில் நிகழும் உடும்பஞ்சோலையில், ஏலத்தோட்டத் தமிழர் தாய்மொழியில் கூடிப்பாட வாய்க்கும் இடங்களுள் ஆலயமும் ஒன்று. அங்கும் பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை உயர்த்தி, வாரந்தோறும் பழகாத புதுப்பாட்டை ஒலிபெருக்கியில் முழக்கினால், ஆறு நாள் ஏலக்காய் எடுத்த பெண் ஏழாம் நாள் வெறும் பார்வையாளர் ஆகிறார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் மக்களின் முழுமையான பங்கேற்பையே வலியுறுத்திற்று.

பாடுவோர் உள்ளத்துப் பக்தியை நாம் அளக்கவியலாது. ஆனால், ஒலிவாங்கியை அணைத்தபின் சபையில் பாட்டு தொடர்கிறதா என்று செவிசாய்த்து அறியலாம். தொடராவிடில், அதுவரை நிகழ்ந்தது கச்சேரி.