கார்ட் சாகவில்லை, கைவிட்டுவிட்டார்கள்

"கார்ட் போயிட்டு, இனி ஒண்டும் செய்ய ஏலா, புதுசு ஒண்டு வாங்குங்க." பத்து வருஷம் பழைய லெப்டொப்புக்கு விண்டோஸை மாற்றிப் போட்டபின் திரையில் எல்லாம் ஊதிப் பெருத்துத் தெரிந்தால், எங்கட பக்கத்தில் அநேகமாகக் கிடைக்கிற தீர்ப்பு இதுதான். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்கு மேல இப்படி லெப்டொப்கள் கிடக்கின்றன. வாப்பாவோ காக்காவோ கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ கொண்டுவந்தது. கீபோர்டில் அரபு எழுத்தும் இருக்கும். அவற்றில் பலதுக்குக் கார்ட் சாகவே இல்லை. கார்டைச் செய்த கொம்பனி டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இது ரெண்டும் ஒன்றல்ல என்பதுதான் எங்கட வாதம்.

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கார்டுக்கும் இடையில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர். அது இல்லாவிட்டால் விண்டோஸ் 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொதுவான ஒன்றை வைத்துச் சமாளிக்கும். படம் தெரியும், அவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஏலாது. ஸ்லீப்பில் போட ஏலாது. புரொஜெக்டரில் கொழுவினாலும் படம் வராது. வீடியோ ஓட்டுகிற முழுப் பாரமும் ப்ரொசஸரில் விழுந்து லெப்டொப் அடுப்பு மாதிரிச் சுடும். பார்க்கிறவருக்குக் கார்ட் பழுதானது போலத்தான் இருக்கும்.

என்விடியாவை எடுப்போம். 2011 அளவில் லெப்டொப்களில் வந்த ஜிஃபோர்ஸ் ஜிடி 540எம் 'ஃபெர்மி' குடும்பத்தைச் சேர்ந்தது. 2018 ஏப்ரலோடு அந்தக் குடும்பத்துக்குப் புது டிரைவர் நின்றது. லினக்ஸுக்கான 390 தொடரும் 2022 கடைசியில் முடிந்தது. அடுத்தது 'கெப்லர்' குடும்பம்; 2013 காலத்து ஜிடி 740எம் இதில்தான் வரும். அநியாயம் வெட்டவெளிச்சமாகிற இடம் இதுதான். லெப்டொப் கெப்லருக்கு 2019 ஏப்ரலில் புது டிரைவரை நிறுத்தினார்கள். அதே குடும்பத்து டெஸ்க்டொப் கார்டுக்கோ 2021 வரைக்கும் கொடுத்தார்கள். டெஸ்க்டொப் வைத்திருப்பவர் பழைய கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்று பூட்டலாம். லெப்டொப்பில் அது பெரும்பாலும் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது, மாற்ற வழியில்லை. மாற்ற வழியில்லாதவரைத்தான் முதலில் கைவிட்டிருக்கிறார்கள்.

'அப்ப ஏஎம்டி மட்டும் உத்தமமா?' என்று கேட்பீர்கள். இல்லை. ரேடியோன் எச்டி 5000, 6000 தொடர்களை அதுவும் 2015 நவம்பரில் பழைய பட்டியலுக்குத் தள்ளியது. ஆனால் 2007இல் அது ஒரு நல்ல காரியம் செய்தது. தன் சிப்கள் எப்படி வேலை செய்கின்றன என்ற ஆவணங்களை வெளியே விடத் தொடங்கியது. அதனால் இன்றைக்கும் அந்தக் கார்ட் உள்ள லெப்டொப்பில் லினக்ஸ் போட்டால் டிரைவர் தேடி அலையத் தேவையில்லை, கெர்னலோடயே வருகிறது. என்விடியா பக்கத்தில் அப்படி ஆவணம் இல்லை. தன்னார்வலர்கள் கார்டை நோண்டி நோண்டிப் பார்த்துத்தான் 'நூவோ' என்ற டிரைவரை எழுதினார்கள். 2010இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அவ்வளவு பாடுபட்டும் பல மாடல்களில் கார்டின் முழு வேகத்தை எடுக்க முடியவில்லை.

'ஒரு கொம்பனி எத்தனை காலத்துக்குப் பழசைச் சுமக்கும்?' என்பது வழமையான பதில். ஆயுள் முழுக்கச் சுமக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இறக்கி வைக்கும்போது திறப்பையும் சேர்த்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறோம். நீங்கள் இனிச் செய்யாத வேலையை நாங்கள் செய்துகொள்ள அந்த ஆவணங்களைத் தாருங்கள். இந்தச் சண்டை புதிதுமல்ல. 1980 அளவில் எம்ஐடி ஆய்வுகூடத்தில் ஒரு ஸெரொக்ஸ் பிரின்டரின் மூலநிரல் மறுக்கப்பட்ட கோபம்தான் ரிச்சர்ட் ஸ்டால்மனை 1983இல் குனூ திட்டம் வரைக்கும் கொண்டுபோனது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேரிலேயே ஒரு பிரின்டர் பிரச்சினை இருக்கிறது.

எங்களுக்கு இது கொள்கைச் சண்டை மட்டுமல்ல, காசுச் சண்டையும்தான். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்திலேயே 350ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு ஒரு லெப்டொப் வாங்குவது என்றால் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிற விஷயம். 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அநேகமாக எதையும் ஏற்பதில்லை. ஏ.எல். படிக்கிற புள்ளைக்கும் ஒலுவில் கம்பஸில் அசைன்மென்ட் அடிக்கிறவருக்கும் அந்தப் பழைய மெஷினே போதும். போதாது என்று முடிவெடுத்தவர்கள் கலிஃபோர்னியாவிலும் ரெட்மண்டிலும் இருக்கிறார்கள்.

கடைத் தம்பிமாரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் 'கார்ட் போயிட்டு' என்று சொல்ல முதல் ஐந்து நிமிஷம் செலவழிக்கலாம். டிவைஸ் மெனேஜரில் கார்டைத் திறந்து, டீடெய்ல்ஸில் ஹார்ட்வெயார் ஐடீஸைப் பாருங்கள். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஈ என்றால் என்விடியா. இன்டெலும் என்விடியாவும் சேர்ந்திருந்தால் இன்டெல் டிரைவரை முதலில் போடவேண்டும். லெப்டொப்காரர்கள் டிரைவரைத் தங்கட மாடலுக்கென்று மாற்றியிருப்பார்கள், அதனால் முதலில் அவர்களுடைய தளத்தில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால், ஃபெர்மிக்கு 391.35, லெப்டொப் கெப்லருக்கு 425.31. கண்ட கண்ட தளத்தில் கிடைக்கிற 'ஒரே கிளிக்' டிரைவர் மூட்டைகளைத் தொடவே வேண்டாம். டிரைவரோடு சேர்ந்து குப்பையும் உள்ளே வரும். இந்தப் பழைய டிரைவர்களுக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது என்பதும் உண்மை. பேங்க் வேலைக்கும் அந்த மெஷினைத்தான் பாவிக்கிறீர்கள் என்றால் லினக்ஸ் போடுவதே புத்தி.

'லினக்ஸ் எங்கட ஆக்களுக்குச் சரிவராது' என்பவர்களுக்கு ரெண்டு விஷயம். கேரளத்து அரசுப் பள்ளிகள் வருஷக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. அங்குள்ள 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பை வெளியிடுகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கட கரையை அழித்த பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதியவென்று இலங்கையில் எழுதப்பட்ட 'சஹானா'வும் திறந்த மூல மென்பொருள்தான். அடுத்த வருஷம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. இந்த நாட்டிலேயே செய்து காட்டிய வேலை இது.

ஆகவே எங்கட கோரிக்கை ரெண்டு. ஆதரவை நிறுத்துகிற நாளிலேயே கொம்பனி ஆவணங்களைத் திறக்கவேண்டும், கடைசி டிரைவரைத் தளத்திலிருந்து எடுக்கவும் கூடாது. எங்கட ஊர்ப் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் பழைய மாடல்களின் டிரைவர்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்துவைத்து, கேட்டு வருகிறவருக்குக் கொடுக்கவேண்டும். ரெண்டாவதுக்கு யாருடைய அனுமதியும் காத்திருக்கத் தேவையில்லை, இந்த மாசமே தொடங்கலாம். இனிப் புது லெப்டொப் வாங்கப் போகிறவர்கள் ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்தக் கார்டுக்கு எத்தனை வருஷம் டிரைவர் வரும் என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவரும் மேலே கேட்கத் தொடங்குவார்.