குரோஷா ஷாலுக்கு ஏன் பேரம்?

ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. ஆனால் குரோஷா என்றால் கையால் போட்டதுதான். மெஷினில் வருவது அதைப் போலத் தெரியும் வேற பின்னல்.

முக்கோண ஷால் கழுத்துப் பக்கம் நடுவில் நாலைந்து சங்கிலியில் ஆரம்பிக்கும். வரிசைக்கு வரிசை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் கண்ணி கூட்டணும். கூட்ட மறந்தால் ஷால் சுருண்டுக்கும், பிரிச்சுத்தான் ஆகணும். கடைசி வரிசைதான் ரொம்ப நீளம். அம்மாவுக்கு அப்போதான் கை மரத்துப் போகும்.

அதைப் பார்த்துவிட்டு, "நூல் விலைக்கு மேல பத்து ரூபா வச்சுக்கோ" என்கிறார்கள். கடையில் சட்டை வாங்கும்போது பஞ்சு விலையா கேட்கிறோம்?

இனிமேல் நூலுக்குத் தனி, கைக்குத் தனி என்று சீட்டு எழுதி ஷாலில் குத்தி வைக்கப் போகிறேன். அம்மா சிரிக்கிறாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி