சாக்கடை நிலையமும் சூரியத் தகடும்

சாக்கடையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கனவான்கள் அநேகர் உண்டு. அவர்கள் வீட்டுக் கக்கூசிலிருந்து போவது எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் மாத்திரம் பதில் வராது.

அமெரிக்காவில் 2012-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி ‘சாண்டி’ என்னும் புயல் நியூஜெர்சிக் கரையில் அடித்தது. கழிவுநீர் நிலையமென்பது, நீர் தானாக ஓடிவர வேண்டுமென்று பெரும்பாலும் பள்ளத்திலேயே கட்டப்படுவது. ஆகவே பல நிலையங்களில் வெள்ளம் புகுந்தது, மின்சாரமும் போயிற்று. பம்பு நின்றது. காற்று ஊதும் யந்திரமும் நின்றது. அழுக்கைத் தின்று நீரைச் சுத்தப்படுத்தும் கிருமிகளுக்கு அந்தக் காற்றுதான் உயிர். நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி அதற்கே செலவாகிறது. அந்தப் புயலால் பல ராஜ்யங்களிலுமாகச் சுமார் 1,100 கோடி காலன் அழுக்கு நீர், சுத்தம் செய்யாததும் அரைகுறையாய்ச் செய்ததுமாக, ஆற்றிலும் கடலிலும் கலந்தது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், நியூஜெர்சி அப்பொழுதே சூரிய மின்சாரத்தில் அந்நாட்டின் முன்வரிசையில் நின்ற ராஜ்யம். அப்படியிருந்தும், புயல் ஓய்ந்து வெயில் வந்த பிறகும் அந்தத் தகடுகளில் பெரும்பாலானவை சும்மாவே கிடந்தன. ஏன்? ஊர்க் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தகட்டின் இன்வர்ட்டரும் நின்றுவிட வேண்டுமென்பது விதி. இல்லாவிட்டால் கம்பத்திலேறிப் பழுது பார்க்கும் தொழிலாளி செத்துப்போவான். விதி நியாயமானதே. குறை எங்கேயென்றால், பாட்டரியும், ஊர்க் கம்பியிலிருந்து நிலையத்தைப் பிரித்துத் தனியே ஓட்டும் சாதனமும் வைக்காததில்தான். பட்டபிறகே புத்தி வந்து, 2015-ல் அந்த ராஜ்ய சர்க்கார் பள்ளிக்கூடங்களிலும் கழிவுநீர் நிலையங்களிலும் பாட்டரி வைக்க உதவிப்பணம் கொடுத்தது.

டீசல் யந்திரம் இருக்கிறதே, பாட்டரி எதற்கு என்று சிலர் கேட்கலாம். டீசலும் இருக்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ரோடு முழுகிக் கிடக்கையில் டீசல் லாரி எந்த வழியாய் வரும்? பாட்டரி மட்டும் நிலையம் முழுவதையும் நாட்கணக்காய் ஓட்டிவிடாதென்பதும் உண்மையே. அவசியமான பம்பையும் ஊதியையும் சில மணி நேரம் ஓட்டும். மறுநாள் வெயிலில் மீண்டும் நிரம்பும். அதையும் மேட்டில் வைக்க வேண்டும். பள்ளத்தில் வைத்தால் பம்போடு சேர்ந்து அதுவும் முழுகும்.

ஆகையால், தகடு வைத்துவிட்டோமென்று திறப்புவிழா நடத்தி மாலை போட்டுக்கொள்ளும் எந்த நகரசபையாரையும் பார்த்து, “ஐயா, ஊரில் கரண்டு போனால் உங்கள் பம்பு ஓடுமா? எத்தனை மணி நேரம் ஓடும்?” என்று வரி கொடுக்கிறவர்கள் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து கேட்கவேண்டும்.