பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர்



திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, மணக்காடு என்று நம் தமிழர் தெருக்களில் இப்போதெல்லாம் அமெரிக்காவைவிட ஆஸ்திரேலியாதான் பேச்சில் அதிகம் அடிபடுகிறது. நர்ஸ் வேலைக்குப் போன மருமகள், கம்ப்யூட்டர் வேலைக்குப் போன மகன், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய்வந்த பாட்டி என்று வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வாழும் இந்தியாவில் பிறந்தவர்கள் 6 லட்சத்து 73 ஆயிரம் பேர். அந்தக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறியவர்களில் இங்கிலாந்துக்காரர்களுக்கு அடுத்த இடம் நம்மவர்களுக்குத்தான்.

போய்வந்தவர்கள் முதலில் சொல்வது விமான நிலையத்துச் சோதனையைப் பற்றி. நடிகை நவ்யா நாயர் கதை நினைவிருக்கும். 2025 செப்டம்பரில் விக்டோரியா மலையாளிகள் சங்கத்தின் ஓண விழாவுக்காக மெல்பர்ன் போனவர், கைப்பையில் ஒரு சாணுக்கும் குறைவான மல்லிகைச் சரம் வைத்திருந்தார். அபராதம் 1,980 டாலர், நம் கணக்கில் லட்சம் ரூபாய்க்கு மேல். விழா மேடையில் அவரே இதைச் சொன்னார். சாலைக் கடைத்தெருவில் அந்தப் பணத்துக்கு ஒரு கல்யாண மண்டபத்தையே பூவால் மூடலாம்.

கேட்டதும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் பட்ட பாடு அவர்களுக்கு. 1859இல் யாரோ ஒரு பண்ணைக்காரர் வேட்டையாட ஆசைப்பட்டு இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் திறந்துவிட்ட சில முயல்கள் பெருகி, கண்டத்தின் பெரும்பகுதியில் பயிரையும் புல்லையும் மேய்ந்து தீர்த்தன. இதுபோன்ற அனுபவங்களால்தான் விதை, பூ, பழம், பால் பண்டம் எதுவானாலும் வருகை அட்டையில் எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். எழுதிக் காட்டினால் பரிசோதிப்பார்கள். ஆகாத பொருள் என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால்தான் தண்டம். நட்சத்திரம் என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது. எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்.

இந்தச் சமத்துவம் வீட்டுக்குள்ளும் தெரியும். கரமனைக்காரரான நம் வாசகி ஒருவர், ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் நடந்த ஒரு விருந்தைச் சொன்னார். மகனுடைய மேலதிகாரியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய, தானே நறுக்கிக் கலந்த காய்கறி சாலட். விருந்துக்குப் போகிறவர் ஒரு பண்டமும் தான் குடிக்கப்போவதும் கொண்டுபோவது அங்கே வழக்கம். “சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, அவரையே கொண்டுவரச் சொல்வதா?” என்று மாமிக்கு ஒரே கூச்சம். மகன் மேலதிகாரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். மூன்று வயசுப் பேத்தியும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவ நின்றுவிட்டார். “எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை” என்றார் மாமி.

இது அந்த ஒரு மனிதரின் நல்ல குணம் மட்டுமில்லை, ஊர்ப் பழக்கம். பல்கலைக்கழகத்தில் மாணவன் பேராசிரியரைப் பேர் சொல்லி அழைப்பான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார். டாக்ஸியில் தனியாகப் போகிறவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவது பழைய வழக்கம். பின்னால் உட்கார்ந்தால் எஜமான் மாதிரி இருக்குமாம். தேர்தலிலும் அப்படித்தான், எல்லாருக்கும் ஒரே விதி. 1924 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவது சட்டப்படி கட்டாயம்; காரணமில்லாமல் போடாவிட்டால் 20 டாலர் அபராதம். தேர்தல் எப்போதும் சனிக்கிழமையில். வாக்குச்சாவடி வாசலில் ஸ்கூலுக்கு நிதி திரட்டுகிறவர்கள் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்பார்கள். கட்டாயம் எதுவும் இல்லாமலே கேரளச் சட்டசபைத் தேர்தலில் நாலில் மூன்று பேர் ஓட்டுப் போடும் நாம், அந்தப் பலகாரக் கடையை மட்டும் இறக்குமதி செய்துகொள்ளலாம்.

இவ்வளவு புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஆசிரியர் என்ற நாற்காலிக்கு மரியாதை இல்லை. இந்தச் சமத்துவப் பந்தியில் நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டும்தான் இலை போட்டார்கள். வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுத்த கொள்கை முழுதும் ஒழிந்தது 1973இல்தான். மண்ணின் ஆதிகுடிகளையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க 1967இல் ஒரு பொது வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. அந்த மக்கள் சார்பில் நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்லும் ஓர் அமைப்பை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று 2023 அக்டோபரில் கேட்டபோது, பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். கூட்டம் தொடங்குமுன் ஆதிகுடிகளை வணங்கிச் சில வார்த்தை சொல்வது இன்று அங்கே சம்பிரதாயம். வார்த்தை சுலபம்.

நம் ஊர் மட்டும் என்ன? வெள்ளையம்பலம் சந்திப்பில் சிலையாக நிற்கும் அய்யன்காளி, ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் 1893இல் வெங்ஙானூரில் வில்வண்டி ஏறிப் போனார். ஒரு மனிதன் வண்டியில் உட்கார்ந்து ரோட்டில் போனதே அன்றைக்குப் போராட்டம். கோயில் கதவு எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வழியில் வந்த மாநிலம் என்பதால்தானோ என்னவோ, பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் பஞ்சாயத்து 2021இல் தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டாம், பேரையோ பதவியையோ சொன்னால் போதும் என்று தீர்மானம் போட்டது. தலைநகரத்து அலுவலகங்களுக்கு அந்தக் காற்று இன்னும் வந்து சேரவில்லை. இங்கே மனுவோடு போகிறவர் கவுன்டரை எட்டுமுன்னே நாலு சார் போட்டாக வேண்டும்.

மேலதிகாரி பாத்திரம் கழுவியதை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிறோம். நம் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிறவருக்குக் காபி எந்த டம்ளரில் போகிறது, அவர் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார் என்பதில் மட்டும் பல வீடுகளில் 1893 முடியவில்லை. வெளிநாடு போய்வந்த வீடுகளிலும்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஆஸ்திரேலியா போய்வந்த பெற்றோர்கள், அங்கே பார்த்த பழக்கங்களில் எதை இங்கே வந்த பிறகும் விடாமல் வைத்துக்கொண்டீர்கள், எதை விமானத்திலேயே விட்டுவிட்டீர்கள் என்று எழுதுங்கள். ஓப்பரா ஹவுஸ் முன்னால் எடுத்த போட்டோ வேண்டாம். இரண்டு பக்கம் போதும், கையெழுத்தில் இருந்தாலும் சரி. நல்ல கடிதங்களை அடுத்த இதழ் முதல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்