நான்கு வரிச் செய்தியும் 65,000 ரூபாயும்

ரொறன்ரோவில் வசிக்கும் பல்கலைக்கழகக் காலத்து நண்பன் ஒருவன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். யாழ்ப்பாணத்தில் அவனது தகப்பனார் விட்டுச்சென்ற வளவில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. அதன் கொப்புகளில் ஒன்று ஓட்டுக்கூரைக்கு மேலாகவும் மற்றொன்று வீதியோர மின்கம்பிக்கு மேலாகவும் நீண்டுவிட்டன. அடிமரத்தில் கை நுழையுமளவுக்குப் பொந்தும் விழுந்துவிட்டது. அதைத் தறித்து அகற்ற 65,000 ரூபாய் கேட்கிறார்களாம்.

“மச்சான், இது பகற்கொள்ளை. ஒருநாள் வேலைக்கு இவ்வளவோ? நீ இதைப் பற்றி ஒருக்கா எழுத வேணும்” என்றான்.

எழுதுகிறேன். ஆனால் அவன் விரும்பும் விதமாக அல்ல.

செய்தி மேசையில் நான் இருந்த ஆண்டுகளில் அடிக்கடி இட்ட தலைப்புகளுள் ஒன்று, “மரத்திலிருந்து வீழ்ந்து குடும்பஸ்தர் பலி” என்பதாகும். செய்தி நான்கு வரிகளைத் தாண்டாது. பெயர், வயது, ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, சடலம் ஒப்படைக்கப்பட்ட வைத்தியசாலை. அவ்வளவுதான். அந்த மனிதரை மரத்தில் ஏற்றியவர் யார், பேசப்பட்ட கூலி என்ன, இடுப்பில் ஒரு பட்டியாவது இருந்ததா என்று ஐந்தாவது வரியில் வந்திருக்கவேண்டிய கேள்விகளை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தில் இடமிருக்கவில்லை என்று இன்று சாட்டுச் சொல்லலாம். உண்மை அதுவன்று. கேட்கத் தோன்றவில்லை.

இனி அந்த 65,000 ரூபாய்க்கு வருவோம். வெட்டவெளியில் நிற்கும் மரமென்றால் அடியில் வெட்டி ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போகலாம். வீட்டுக்கும் கிணற்றுக்கும் மதிலுக்கும் மின்கம்பிக்கும் நடுவே நிற்கும் மரத்தை அவ்வாறு சாய்க்க இயலாது. உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கழற்றி இறக்கவேண்டும். பச்சை மரம் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய ஒரு தொன் நிறையுடையது. கொப்பைக் கயிற்றில் பிணைத்து, அக்கயிற்றைக் கப்பியினூடாக விட்டு, கீழே நிற்பவர் அடிமரத்தில் சுற்றிப் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்துகிறார். வெட்டுண்ட கொப்பு கயிற்றில் விழும் கணத்தில் உண்டாகும் விசை, கொப்பின் நிறையைவிடப் பன்மடங்கு அதிகம். அந்தக் கயிறு அறுந்தால் கூரை போகும். அல்லது ஆள் போவார். ஆகவே பார்வைக்கு நன்றாக இருக்கும் கயிற்றையும் காலம் வந்ததும் கழித்துவிட்டுப் புதியது வாங்கவேண்டும். அந்தச் செலவு கூலிக்குள் அடங்கியிருக்கிறது.

இயந்திர வாளின் சங்கிலி விநாடிக்கு 20 மீற்றர் அளவில் ஓடுவது. அலகின் நுனி தவறான இடத்தில் பட்டால், வாள் வெட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறும். கண்டு விலகுவதற்கு மனிதருக்கு நேரம் போதாது. இந்த வாளை அவர் 40 அடி உயரத்தில், உள்ளே உளுத்திருக்கக்கூடிய ஒரு மரத்தில் தொங்கியபடி இயக்குகிறார். பக்கத்தில் செல்லும் கம்பி 11,000 வோல்ற்று அல்லது 33,000 வோல்ற்றுக் கம்பியாயின், அதைத் தொடாமலே மின்சாரம் பாயலாம். பச்சைக் கொப்பும் மின்சாரத்தைக் கடத்தும்.

அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரங்களின்படி, 2022இல் காட்டுமரம் தறிப்போரில் 100,000 முழுநேரத் தொழிலாளருக்குச் சுமார் 100 பேர் வேலையின்போது உயிரிழந்தனர். எல்லாத் தொழில்களும் சேர்ந்த வீதம் 4க்கும் குறைவு. தலைக்கவசமும் பயிற்சியும் சட்டமும் உள்ள நாட்டின் கணக்கு இது. வெறுங்காலுடன் ஏறுபவரின் நிலையை வாசகர்களே எண்ணிப்பாருங்கள்.

மேலே ஏறுபவர் ஒருவர்தான். கீழே மூவர் வேண்டும். குத்திகளையும் குழையையும் ஏற்ற லொறி வேண்டும். மழையிலும் காற்றிலும் வேலையில்லை. அந்த நாள்களிலும் அவர்கள் வீட்டில் உலை வைக்கவேண்டும்.

“தறிக்காமல் மொட்டையடித்துவிட்டால் மலிவுதானே?” என்று கேட்போரும் உளர். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றி 2006இல் மறைந்த அலெக்ஸ் ஷிகோ என்ற ஆய்வாளர், பல்லாயிரம் மரங்களைப் பிளந்து பார்த்து ஓர் உண்மையை நிறுவினார். நமது தோல்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் அந்தப் பகுதியைச் சுவரிட்டு அடைத்துவிட்டு, மேலே புதிதாக வளர்கிறது. கண்டபடி மொட்டையடித்த பெருங்கொப்பை அதனால் அடைக்க முடிவதில்லை. உக்கல் உள்ளே இறங்குகிறது. மேலே துளிர்க்கும் புதுக்கொப்புகளோ வலுவற்ற பிடிப்புடன் வளர்ந்து, சில ஆண்டுகளில் காற்றுக்கு முறிந்து விழுகின்றன. மலிவாகச் செய்த வேலைக்கு இரண்டாந்தடவையும் பணம் கொடுக்க நேர்கிறது. 2023 ஒக்ரோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மீது மரம் வீழ்ந்து ஐவர் மாண்டனர். நகரத்து மரத்தைக் காலத்துக்குக் காலம் அறிந்தவரைக் கொண்டு பார்ப்பதற்கு ஆகும் செலவை, அந்த ஐந்து வீடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அதிகம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

என் நண்பனுக்கு இவை தெரியாதவையல்ல. ரொறன்ரோவில், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தைத் தன் சொந்தக் காணியிலும் அனுமதியின்றி ஒருவர் அகற்ற முடியாது. அங்கே தன் பின்வளவு மேப்பிளை அகற்றியபோது அவன் அனுமதி பெற்றான். வந்தவர்களின் காப்புறுதிச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தான். கேட்ட டொலரை முணுமுணுக்காமல் கொடுத்தான். இரு நாட்டுக் கூலிகளையும் நான் ஒப்பிடவில்லை, அது நியாயமன்று. அங்கே கேட்ட கேள்விகளை இங்கே ஏன் அவன் கேட்கவில்லை என்பதே என் வினா.

விடை கசப்பானது. பனையிலும் தென்னையிலும் தளைநார் பூட்டி ஏறியவர்களைச் சாதியின் பெயரால் தாழ்த்தி, அடிமை குடிமை முறையில் அவர்களின் உழைப்பைப் பெற்றுப் பழகிய சமூகம் நமது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. தேநீர்க்கடைகளும் கோயில்களும் போராடித் திறக்கப்பட்டன. ஆயினும், மரமேறுபவர் தன் விலையைத் தானே சொல்லும்போது நமக்குள் மூளும் சினம் மட்டும் அணையவில்லை. வைத்தியரிடம் பேரம் பேசாத நாம் இவரிடம் பேசுகிறோம். “கொள்ளை” என்ற சொல் அந்தப் பழைய வீட்டுத் திண்ணையிலிருந்துதான் வருகிறது.

வாள் ஒன்றை இரவல் வாங்கி வந்து, அனுபவமின்றிப் பெருந்தொகை கேட்போர் இல்லையென்று நான் வாதிடவில்லை. அவர்களை இனங்காணும் வழி விலையைக் குறைப்பதன்று. கயிறு எத்தனை நாள் பழையது, பட்டியும் கவசமும் உண்டா, மின்சாரத்தைத் துண்டிக்க அறிவித்தாயிற்றா, விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்பதே வழி. பெண்பனையோ பலாவோ ஈரப்பலாவோ எனின், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றாயிற்றா என்றும் கேட்கவேண்டும். இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவருக்குக் கேட்டதைக் கொடுங்கள்.

நேற்று நண்பன் மீண்டும் அழைத்தான். 40,000 ரூபாய்க்கு ஒருவர் அகப்பட்டுவிட்டாராம். பட்டி கட்டித்தான் ஏறுவாரா என்று கேட்டேன். தெரியாது என்றான். அப்படியானால் அந்த 25,000 ரூபாய் எங்கிருந்து மிச்சமாகிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

மறுமுனையில் அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அந்த நான்கு வரிச் செய்தியில் நிரப்பவேண்டிய பெயரும் வயதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.