செல்போனில் பள்ளிக்கூடம்! தொழிலாளிக்கு லாபம் உண்டா?

முன்பெல்லாம் தொழில் கற்க வேண்டும் என்றால் பட்டறைக்குப் போக வேண்டும். மேஸ்திரியின் பக்கத்தில் நிற்க வேண்டும். திட்டு வாங்கித் திட்டு வாங்கிக் கற்க வேண்டும்.

இன்று காலம் மாறிவிட்டது. பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்துவிட்டது. பொத்தானைத் தொட்டால் வாத்தியார் பேசுகிறார். பாடம் ஓடுகிறது. பரீட்சையும் அதிலேயே நடக்கிறது.

இதற்கு "ஆன்லைன் பயிற்சி" என்று பெயர்.

இது தொழிலாளிக்கு நல்லதா? யாருக்கு லாபம்? பார்ப்போம்.

எது அடிப்படை?

தறி ஓட்டத் தெரிவது ஒரு திறமை. தையல் மிஷின் ஓட்டத் தெரிவது ஒரு திறமை. அவை தொழில் திறமைகள்.

அவற்றுக்கும் கீழே, அஸ்திவாரம் போல, வேறு சில திறமைகள் இருக்கின்றன.

"ஆபத்து, தொடாதே" என்ற பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். அளவு பார்க்க வேண்டும். கணக்குப் போட வேண்டும். மேலதிகாரியிடம் பயப்படாமல் பேச வேண்டும். நேரத்தைப் பங்கிட வேண்டும். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும்.

இவைதான் அடிப்படைத் திறமைகள். எந்த வேலைக்குப் போனாலும் இவை கூடவே வரும். ஆலை மூடினாலும் இவை மூடுவதில்லை!

சம்பளச் சீட்டு

ஓர் உதாரணம் சொல்லுகிறோம்.

ஒரு பெண்ணுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய். வேறு படி எதுவும் இல்லை. பி.எப்.புக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 12 ரூபாய். ஆகவே 1,200 ரூபாய் பிடிக்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். ஆகவே 75 ரூபாய்.

மொத்தப் பிடித்தம் 1,275 ரூபாய். கைக்கு வர வேண்டியது 8,725 ரூபாய்.

இந்தக் கணக்கு தெரிந்தவளை ஏமாற்ற முடியுமா? "ஏன் குறைகிறது?" என்று கேட்பாள். கணக்கு தெரியாதவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவாள்.

அடிப்படைக் கல்வியின் அருமை இதில் இருக்கிறது. இது வெறும் படிப்பு அல்ல. கைக்கு வரும் காசு!

பெங்களூர் தந்த பாடம்

பெங்களூரில் 5 தையல் ஆலைகளில் ஒரு சோதனை நடந்தது. 2013-ம் ஆண்டில் தொடங்கியது.

பயிற்சிக்கு வர விரும்பிய பெண்களின் பெயர்களை எழுதினார்கள். குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு மட்டும் சுமார் ஓர் ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். மொத்தம் 80 மணி நேரம்.

தையல் சொல்லித் தரவில்லை. பேசுவது எப்படி, நேரத்தைப் பங்கிடுவது எப்படி, பணத்தைக் கையாளுவது எப்படி, சிக்கல் வந்தால் தீர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

வாரத்துக்கு 2 மணி நேரம் வகுப்பு. அதில் ஒரு மணி நேரம் ஆலையின் வேலை நேரம். இன்னொரு மணி நேரம் தொழிலாளியின் சொந்த நேரம்.

என்ன நடந்தது?

பயிற்சி பெற்ற பெண்களின் வேலைத்திறன், மற்றவர்களைவிட நூற்றுக்கு 10-க்கும் மேல் உயர்ந்தது. பயிற்சி முடிந்த 8 மாதத்துக்குள், போட்ட முதலைப் போல 2 மடங்குக்கும் அதிகமான லாபம் ஆலைக்குக் கிடைத்தது.

பெண்களின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது? நூற்றுக்கு அரை ரூபாய்!

100 ரூபாய் வாங்கியவள் 100 ரூபாய் 50 காசு வாங்கினாள். அவ்வளவுதான்.

இதில் 2 பாடங்கள் இருக்கின்றன. ஒன்று: அடிப்படைப் பயிற்சி வீண் செலவு அல்ல. "பயிற்சி கொடுத்தால் வேறு ஆலைக்கு ஓடிவிடுவார்கள்" என்று பயப்படும் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஓடிவிடவில்லை.

மற்றொன்று: திறமை கூடினால் சம்பளம் தானாகக் கூடிவிடாது. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

நூற்றுக்கு 3 பேர்

பெங்களூர்ப் பயிற்சி செல்போனில் நடந்தது அல்ல. ஆசிரியர் நேரில் நின்று நடத்தியது.

அதையே செல்போனில் நடத்தினால் செலவு மிச்சம். ஒரு தடவை பாடத்தைப் பதிவு செய்தால் போதும். லட்சம் பேர் பார்க்கலாம். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். "இதுகூடத் தெரியாதா?" என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். வயதானவர்களுக்கு இது பெரிய நன்மை.

ஆனால் ஒரு குறை இருக்கிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் உலகப் புகழ் பெற்றவை. இரண்டும் 2012-ம் ஆண்டு முதல் ஆன்லைனில் பாடம் நடத்துகின்றன. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள்.

கடைசி வரை படித்தவர்கள் எத்தனை பேர்? 2017-18-ல் கணக்குப் பார்த்தார்கள். நூற்றுக்கு 3 பேர்தான் முடித்திருந்தார்கள்!

சும்மா எட்டிப் பார்க்கச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. என்றாலும், படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், 10 மணி நேரம் நின்று வேலை பார்த்து வரும் தொழிலாளியின் கதி என்ன? பாடம் ஓடும். கண் மூடும்!

நம் கிராமங்களில்

நம் நாட்டில் மத்திய அரசாங்கம் 2017-ல் ஒரு திட்டம் தொடங்கியது. கிராமத்தில் வீட்டுக்கு ஒருவருக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும் கையாளச் சொல்லிக் கொடுக்கும் திட்டம். 14 வயது முதல் 60 வயது வரை சேரலாம். 20 மணி நேரப் பயிற்சி.

2024 மார்ச்சில் அந்தத் திட்டம் முடிந்தது. 7 கோடியே 35 லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். 6 கோடியே 39 லட்சம் பேர் பயிற்சி பெற்றார்கள். 4 கோடியே 78 லட்சம் பேர் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்கினார்கள்.

அதாவது பெயர் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 65 பேர் தேறினார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? பக்கத்திலேயே ஒரு மையம் இருந்தது. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். பாடமும் சிறியது.

2022-ல் தொடங்கிய "உல்லாஸ்" எழுத்தறிவுத் திட்டமும் இந்த வழியில்தான் போகிறது. பாடம் செல்போனிலும் உண்டு. தன்னார்வ ஆசிரியரும் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடி பேருக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பது அதன் நோக்கம்.

போன் யார் கையில்?

இன்னொரு கேள்வி. செல்போன் யார் கையில் இருக்கிறது?

2019-21-ல் நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. ஒரு தடவையாவது இன்டர்நெட்டைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேர்.

வீட்டில் ஒரே ஒரு போன் என்றால் அது கணவரின் சட்டைப்பையில் இருக்கும். அல்லது மகனின் கையில் இருக்கும். அம்மாவின் முறை வருவதற்குள் இரவு 11 மணி ஆகிவிடும். அப்புறம் எப்படிப் படிப்பது?

சிங்கப்பூர் வழி

சிங்கப்பூரில் என்ன செய்கிறார்கள்?

25 வயது ஆன குடிமக்களுக்கு, பயிற்சிக்கு என்றே 500 வெள்ளி கொடுக்கும் வழக்கத்தை 2016-ல் கொண்டுவந்தார்கள். 2024-ல், 40 வயது ஆனவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி கொடுத்தார்கள். ரொக்கமாகத் தருவதில்லை. பயிற்சிக்கு மட்டுமே செலவிடலாம்.

40 வயதுக்கு மேல் முழு நேரப் படிப்புக்குப் போனால் வருமானம் நின்றுவிடுமே? அதற்கும் வழி செய்தார்கள். பழைய வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, உதவித்தொகையாகத் தரும் திட்டம் 2025-ல் வந்தது.

சிங்கப்பூர் சிறிய நாடு. பணக்கார நாடு. நாம் அப்படியே செய்ய முடியாது. ஆனால் அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். படிக்கும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதுதான் அது.

என்ன செய்யலாம்?

முதலாளிகள் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை வேலை நேரத்திலிருந்து ஒதுக்கலாம். "வீட்டுக்குப் போய்ப் படி" என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். லாபம் கூடினால் அதில் ஒரு பங்கு சம்பளத்தில் தெரிய வேண்டும்.

அரசாங்கமும் சங்கங்களும் செல்போன் பாடத்தோடு ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும். பாடத்தைப் போன் சொல்லும். தைரியத்தை மனிதன்தான் சொல்ல முடியும்.

தொழிலாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பணம் கட்டினால் சான்றிதழ்! வேலை நிச்சயம்!" என்று போனில் வரும் ஆசை வார்த்தைகளை நம்ப வேண்டாம். மத்திய அரசாங்கத்தின் "ஸ்வயம்" வகுப்புகளைப் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்ப் பரீட்சைக்கு மட்டுமே கட்டணம்.

தனியாகப் படிக்காதீர்கள். 4 பேராகச் சேருங்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் எழுப்புவார்!

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் போனை அம்மாவிடம் கொடுங்கள். பாத்திரத்தை மகன் கழுவட்டும். அடுத்த மாதம் சம்பளச் சீட்டை அம்மாவே வாசித்துக் கணக்குச் சொல்லட்டும்.