மலை தப்பியது, வயலில் என்ன வைத்திருக்கிறோம்?

2025 ஜனவரி 7 அன்று மேலூர் சனம் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையத்துக்கு நடந்தே வந்தது. கோரிப்பாளையத்திலிருந்து நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அதே மாதம் 23-ல் டங்ஸ்டன் ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டி மலை தப்பியது.

லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அங்கே உண்டு. பாறை விளிம்பில் கூடு வைக்கிற சாதி. 2022 நவம்பரில் அரசு 193 ஹெக்டேரை தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்ததில் இவற்றுக்கும் பங்குண்டு.

எல்லைக்கல் நமக்குத்தான், வல்லூறுக்கு ஏது? குஞ்சுக்கு இரை தேடி நம்ம வயலுக்குத்தான் இறங்கும். அங்கே புரோமடியலோன் கட்டி வைத்திருக்கிறோம். அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். பிடிக்கச் சுலபம். விஷம் அப்படியே கூட்டுக்குப் போய்விடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததும் இப்படித்தான். 2006-ல் தடை வருவதற்குள் பெரும்பகுதி போய்ச் சேர்ந்துவிட்டன.

வங்கியில் இருந்தபோது பயிர்க்கடன் மதிப்பீட்டில் மருந்துச் செலவுக்கு நானே வரி எழுதியிருக்கிறேன். பருந்துக்கு அதில் வரி கிடையாது!

இப்போது என் வயலில் தஞ்சாவூர் கிட்டியும், ஆந்தை உட்கார டி வடிவக் குச்சிகளும்தான். எலி முழுசா ஒழிஞ்சிடல, உண்மையைச் சொல்லணும். வரப்போரம் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. கிட்டி வைக்கக் கூலியும் ஆகிறது.

டங்ஸ்டனுக்கு எதிராகக் கிராம சபையில் தீர்மானம் போட்ட ஊர்கள், மலையைச் சுற்றி எலி மருந்து வைப்பதில்லை என்றும் ஒரு தீர்மானம் போட வேண்டும். மார்கழி முதல் மாசி வரை கூட்டுக்காலம். அந்த மூன்று மாதமும் பாறையடியில் வெடியும் ட்ரோனும் வேண்டாம் என்று அதிலேயே சேர்த்துவிடலாம்.